வெயிலில் பார்த்த நீலம்

இன்று மாலைக்குள் எங்கள் பனியன் சரக்கு தூத்துக்குடிக்குப் புறப்படாவிட்டால் கப்பல் போய்விடும்.

காலையில், சரக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் வந்த ஏஜென்சி சோதனையாளர், டியூப்லைட்டின் கீழ் ஒரு பனியனைப் பிடித்துப் பார்த்து, "சாம்பிளுக்கும் இதுக்கும் நீல ஷேடு மாறியிருக்கு சார், அனுப்ப முடியாது" என்றார்.

"வெயில்ல வெச்சுப் பாருங்க."

"உள்ளதான் பாக்கணும் சார். ரூல்."

அப்போது கரண்ட் போனது. தையல் மெஷின்கள் அடங்கின. வழக்கமாக நான் சபிக்கும் நேரம் அது. இன்று அந்தப் பனியனையும், ஏற்கெனவே அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்ட சாம்பிளையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். இருட்டில் நிற்க முடியாமல் அவரும் வந்தார்.

வெயிலில் இரண்டும் ஒரே நீலம்.

"கரண்ட் வரட்டும் சார், மறுபடியும் பாத்துட்டு..."

"வரட்டுங்க. அதுவரைக்கும் ரெண்டு பேரும் இங்கயே நிக்கலாமுங்க."

நான் நகரவில்லை. கரண்டும் வரவில்லை. வெயில் தாங்காமல் சற்று நேரத்தில் அவர் சரக்கை அனுப்பலாம் என்று கையெழுத்திட்டார். சரக்கு லாரி நேரத்துக்குத் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டது.

மின்வெட்டுக்கு நன்றி சொல்லும் முதலாளி இந்த ஊரில் நான் ஒருவன்தானா? வேறு யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.