தட்டணு குறைவாம்!

ஜெராக்ஸ் அக்காவுக்கு வயிற்று வலியைவிட ரிப்போர்ட் பெரிய தலைவலியாகிவிட்டது. கோர்ட்டுக்கு எதிரே பதினெட்டு வருடமாக நகல் கடை நடத்துகிறவள். பித்தப்பையில் கல், எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றார்கள். ஆபரேஷனுக்கு முன் ரத்தம் எடுத்துப் பார்த்தால் தட்டணுக்கள் முப்பத்திரண்டாயிரம். ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டுமாம். ரத்தத்தை உறைய வைப்பவை அவைதான். இவ்வளவு குறைவாக இருந்தால் கத்தி வைத்த இடத்தில் ரத்தம் நிற்காது என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டார் டாக்டர்.

அதன் பிறகு இரண்டு முறை குத்தினார்கள். இருபத்தெட்டாயிரம், முப்பத்தைந்தாயிரம். வீட்டில் ஒரே கூத்து. ஈறில் ரத்தம் வந்துவிடும் என்று கணவர் பல் துலக்கும் பிரஷைப் பிடுங்கினார். நாத்தனார் காலையும் மாலையும் ஏதோ பச்சைச் சாற்றோடு வந்து நின்றாள்.

"பேப்பர் கிழிச்சு விரல்ல ரத்தம் வந்துச்சு டாக்டர். ரெண்டு நிமிஷத்துல தானா நின்னுடுச்சு. எனக்கு எங்க குறைவு?"

டாக்டர் நிமிரவே இல்லை. "மெஷின் சொல்லுதேம்மா. இன்னொரு லேப்ல ஒரு தடவை பாருங்க. அங்கயும் இப்படித்தான்னா எலும்பு மஜ்ஜை டெஸ்ட் எடுத்துடலாம்."

இடுப்பு எலும்பில் ஊசியா! புதிய லேபில் ஊசியோடு வந்த டெக்னீஷியன் பெண்ணிடம் அக்கா வெடித்துவிட்டாள். "நாலாவது தடவை! இந்தக் கையில குத்த இனி இடமே இல்ல."

அந்தப் பெண் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினாள். "இதை யாராவது மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாத்தாங்களா?"

"என் மூஞ்சியவே யாரும் பாக்கலம்மா."

அவள் சிரித்துக்கொண்டே ஊதா மூடிக் குழாய் ஒன்றிலும் நீல மூடிக் குழாய் ஒன்றிலும் ரத்தம் பிடித்தாள். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள். சின்னப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன.

"இதுதான் தட்டணு. வழக்கமா எடுக்கிற ஊதா மூடிக் குழாயில ரத்தம் உறையாம இருக்க ஒரு மருந்து இருக்கு. சில பேருக்கு அது பட்டா இப்படி ஒட்டிக்கும். மெஷின் கொத்தைச் சரியா எண்ணாது. நீல மூடில வேற மருந்து. அதுல ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் இருக்கு. உங்க உடம்புல ஒரு குறையும் இல்லக்கா."

அக்காவுக்கு சந்தோஷத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. "ஒரு குழாயை மாத்திப் பாக்க ஒரு மாசமா?"

புதிய ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்த டாக்டர், "நல்லதாப் போச்சு" என்றார். அவ்வளவுதான். மறுவாரமே கல்லை எடுத்தார்கள். ரத்தம் ஒழுங்காக நின்றது. பத்தாம் நாள் கடை திறந்தாள்.

வலி போயிற்று, எரிச்சல் மட்டும் போகவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். ஒரு நாள் வக்கீல் குமாஸ்தா பொறுமையிழந்து, "அக்கா, பத்தரைக்கு கேஸ்! என் நகல் எங்க?" என்று கத்தினார்.

"இருங்க, இன்னும் நீல மூடிக்கே வரல," என்றாள் அக்கா.