அலைன்னு வச்சுக்கங்க

செம்மலை பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போனவர், பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று, அணைத்தவரிடமே கேட்பார். ஆனால் காரைக்குடி செக்காலை ரோட்டில், போட்டித் தேர்வுப் பயிற்சி நடக்கும் மாடியில் கரும்பலகை முன்னால் நின்றுவிட்டால் இந்த மனிதருக்கு எதிலும் சந்தேகம் வராது. வாழ்க்கையில் அவர் செய்த தப்புகளில் பெரும்பாலானவை அந்தத் தைரியத்தில் செய்தவை.

பாடம் சுற்றுச்சூழல். எந்த நாடுகள் எந்த ஊரில் கூடி எந்த வருடம் என்ன வாக்குக் கொடுத்தன என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஸ்டாக்ஹோம், மாண்ட்ரியல், கியோட்டோ, பாரிஸ் என்று டவுன் பஸ் கண்டக்டர் நிறுத்தம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே போவார். கடலைத்தான் அதிகம் பார்த்ததில்லை. பெண் பார்க்கத் தொண்டிக்குப் போனபோது பார்த்தார். அன்றைக்கும் பெண்ணைப் பார்க்கப் பயந்துதான் கடலைப் பார்த்தார்.

அந்தப் பெண் நாகவல்லி. இப்போது அவருடைய வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குரூப் ஒன்று தேர்வுக்குப் படிக்கிறார். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. எந்தக் கடையில் அரிசி நல்ல அரிசி, எந்தப் பஸ் முதலில் வரும் என்பதில் எல்லாம் கணவர் சொல்லை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வகுப்பில் மட்டும் குறிப்பெடுப்பார்.

வினை ஓத ஆற்றலில் வந்தது. கடல் மட்டம் ஏறி இறங்குவதிலிருந்து மின்சாரம் எடுப்பது. ஏறி இறங்கும் அந்த நீரைப் பாடநூல் ஓதம் என்கிறது. காரைக்குடிப் பக்கம் ஓதம் என்றால் சுவரில் ஏறும் ஈரம். கானாடுகாத்தானிலிருந்து வரும் குமரப்பன் கையைத் தூக்கினான்.

"சார், எங்க வீட்ல கீழருந்து மேல வரைக்கும் ஓதந்தான். ஒரு வயரச் சொருகுனா ஃபேன் ஓடுமா?"

"ஒங்க அப்பச்சி கட்டுன வீட்டுக்கு ஊருக்கே சப்ளை குடுக்கலாம்டா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு அடங்கவில்லை. கியோட்டோ வேறு பாக்கி இருந்தது. "சரி விடுங்கப்பா, ஓதம்னா அலைன்னு வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுச் செம்மலை ஜப்பானுக்குப் போய்விட்டார்.

'வச்சுக்கங்க' என்பது ஆசிரியர்களுக்கு வசதியான சொல். சொன்னவர் அந்த மணியோடு மறந்துவிடுவார். கேட்டவர்கள்தான் வைத்துக்கொள்வார்கள்.

முதல்நிலைத் தேர்வன்று மதியம் தேர்வு மைய வாசலில் காத்திருந்த செம்மலையிடம் குமரப்பன்தான் முதலில் ஓடிவந்தான்.

"சார், நம்ம ஓதம் வந்துருக்கு. ஓதங்கள் தோன்ற முதன்மைக் காரணம் எதுன்னு கேட்டுருக்கான். கண்ண மூடிக்கிட்டுக் காத்துன்னு போட்டேன். அலையக் கெளப்புறது காத்துதான சார்?"

அலையைக் கிளப்புவது காற்றுதான். ஓதத்தைக் கிளப்புவது நிலா; கூடக் கொஞ்சம் சூரியன். செம்மலைக்கு இது நன்றாகவே தெரியும். குமரப்பன் நீட்டிய வினாத்தாளில், காற்றுக்கு அடுத்த வரியில் நிலாவின் ஈர்ப்பு விசை நின்றுகொண்டிருந்தது. "பாப்பம்டா" என்றார்.

நாகவல்லி நிதானமாக வெளியே வந்தார்.

"எப்படி?"

"பரவால்ல."

"கடல் கிடல் ஏதும் வந்துச்சா?"

"கீ வரட்டும். இப்பக் கேக்காதீக, சோறு எறங்காது."

அவருக்கு இறங்கியது. செம்மலைக்குத்தான் இறங்கவில்லை. விடைக்குறிப்பு வரும்வரை ஒரே கேள்விதான்: இவள் என்ன போட்டிருப்பாள்? நேரடியாகக் கேட்டால், ஏன் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டிவரும். பௌர்ணமி வந்தது. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன நாகவல்லியின் பின்னால் போய், "நிலா இன்னைக்குப் பெருசா இருக்கு" என்று தூண்டில் போட்டுப் பார்த்தார். "பௌர்ணமின்னா அப்படித்தான் இருக்கும். அந்தப் போர்வையப் புடிங்க" என்று பதில் வந்தது.

வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு அரியக்குடிப் பெருமாளிடம் போனார். தன் சொல்லுக்கு வீட்டில் மதிப்பில்லை என்று அதே சன்னதியில் பலமுறை குறைப்பட்டவர், இந்த ஒரு முறை மட்டும் மதிப்பில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

விடைக்குறிப்பு வந்த அன்று நாகவல்லி அடுப்படியில் செல்போனை உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்து, வினாத்தாளில் டிக் அடித்துக்கொண்டே வந்தார். செம்மலை வாசல்படியில் நின்றார். பென்சில் ஓரிடத்தில் நின்றது.

"ஓதம்னா அலைன்னு நீங்கதான சொன்னீக?"

"ஆமா."

"நான் பொறந்தது தொண்டி. அமாவாசைக்குக் கடத்தண்ணி மேல ஏறும்னு எனக்குத் தெரியாதா? மொதல்ல நிலாவத்தான் தொட்டேன். பெறகு, வாத்தியாரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு காத்துக்கு மாத்துனேன்."

இத்தனை வருடத்தில் முதல்முறையாக மனைவி தன் பேச்சைக் கேட்டிருக்கிறாள்.

"மொத்தம் எம்புட்டு வரும்?"

"அத விடுங்க. வகுப்புல மத்தவுகளுக்குச் சொல்லியாச்சா?"

"இல்ல."

"பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு. ரியோ மாநாடு. இதுவும் நீங்க நடத்துனதுதான். இதாச்சும் சரியா?"

"இது சரி."

"அப்பக் கெளம்புங்க. காத்துன்னு போட்டது நாங்க எல்லாரும். போட வச்சது நீங்க."

பூட்டைப் பற்றிய நினைவே இல்லாமல் கிளம்பினார். வகுப்பில் கரும்பலகையில் ஓதம் என்று எழுதிவிட்டு, தான் தப்பாகச் சொன்னதாகச் சொன்னார். குமரப்பன், "அப்ப செவத்துல ஏறுறதுக்கும் நிலாதான் காரணமா சார்?" என்றான். அவனே சிரிக்கவில்லை.

முடிவு வெளியானபோது நாகவல்லியின் எண்ணைச் செம்மலைதான் முதலில் கண்டுபிடித்தார். சத்தமாகப் படித்தார். நாகவல்லி செல்போனைப் பிடுங்கித் தானே பார்த்த பிறகுதான் நம்பினார். முதன்மைத் தேர்வுக்கு இவரிடம் குறிப்பு எதுவும் கேட்கவில்லை. பழைய வழக்கம் திரும்பியதில் செம்மலைக்குப் பெரிய நிம்மதி.

குமரப்பனின் எண் பட்டியலில் இல்லை. அந்த ஒரு கேள்வியால்தானா என்று யாருக்கும் தெரியாது. அவனுக்கென்ன, வயசிருக்கு என்று வகுப்பில் எல்லாரும் சொன்னார்கள். செம்மலை மட்டும் சொல்லவில்லை.