தூசி அக்காவும் வெந்நீர்க் குளியலும்

துண்டுப் பிரசுரத்தில் மொத்தம் பத்து வாக்குறுதிகள் இருந்தன. அவற்றில் இரண்டுதான் உண்மை. வீட்டு ஏசிக் குழாய்களில் படிந்த தூசியை எடுப்போம். குழாயில் ஓட்டை இருந்தால் அடைப்போம். மற்ற எட்டும் மாப்பிள்ளையின் கற்பனை. ஆஸ்துமா குணமாகும், குறட்டை நிற்கும், பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்று இறங்கிக்கொண்டே போய், முடி உதிர்வதும் நிற்கும் என்று கடைசி வரி முடிந்திருந்தது.

“முடிக்கும் ஏசிக்கும் என்ன மாப்பிள்ளை சம்பந்தம்?” என்று தூசி அக்கா கேட்டாள்.

“கீழே கொஞ்சம் இடம் காலியா இருந்துச்சுக்கா. வெறுமனே விட்டா பார்க்க நல்லா இருக்காதுன்னு அச்சடிக்கிறவர் சொன்னார்.”

மாப்பிள்ளை அவளுடைய தங்கையின் கணவர். தொழிலில் பங்காளி. வண்டி ஓட்டுவது, ஆள் பிடிப்பது, உறிஞ்சும் இயந்திரத்தை மாடிப்படியில் ஏற்றுவது எல்லாம் அவர் வேலை. தங்கை புருஷன் என்பதால் ‘நீங்க, வாங்க’ என்றுதான் பேசியாக வேண்டும். திட்டுவதைக்கூட மரியாதையாகத் திட்ட வேண்டிய கொடுமை அவளுக்கு.

அவள் இந்த வேலைக்கு வந்து பதினொரு வருடம். அதற்கு முன் ஒரு பெரிய மருத்துவமனையில் துப்புரவுப் பணியில் இருந்தாள். அங்கே ஏசிக் குழாய்களைச் சுத்தம் செய்ய வந்த குழுவில் ஒருவருக்குத் தோள் அகலம். கூரைத் தட்டிக்கு மேலிருந்த குழாய்க்குள் பாதி போய் மாட்டிக்கொண்டார். கீழே நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்க, இவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏணியில் ஏறி, அவருடைய இடுப்பு வாரைக் கழற்றி ஆளை உருவி எடுத்தாள். மிச்சக் குழாயையும் அவளே முடித்தாள். மாதக் கடைசியில் அந்தக் குழுவிலேயே சேர்ந்துவிட்டாள்.

வேலை அவளை ஒருநாளும் படுத்தியதில்லை. படுத்தியதெல்லாம் மனிதர்கள்தான். குழாயிலிருந்து எடுத்த தூசிப் பையைக் காட்டினால், “இதை நீங்களே கொண்டுவந்திருக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?” என்று கேட்பவர்கள். சுத்தம் செய்த கையோடு ஏசியைப் போட்டுவிட்டு, “வாசனையே வரலையே” என்று குறைப்படுபவர்கள். எல்லாவற்றையும்விட எரிச்சல், அடைக்கும் வேலைக்கு மட்டும் யாரும் சம்மதிக்காததுதான். இணைப்புகளில் வலைத்துணி சுற்றி, கெட்டியான பசையைத் தூரிகையால் பூசிக் காய விட வேண்டும். அதுதான் உண்மையில் வீட்டுக்கு நல்லது. ஆனால், “அழுக்கை எடுத்தா பையில போட்டுக் காட்டலாம். அடைச்ச ஓட்டையை எந்தப் பையில போட்டுக் காட்டறது?” என்று அவள் புலம்புவாள்.

அந்தப் பிரசுரத்தைப் படித்துவிட்டுக் கூப்பிட்டவர்களில் ஒருவர், தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறக்கும்போதே பிரசுரம் கையில் இருந்தது. மூன்றாவது வாக்குறுதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்: தீராத தலைவலி தீரும்.

“இதுக்கு எழுத்துல உத்தரவாதம் தருவீங்களா?”

“தரமாட்டேன் சார். தூசி எடுத்தா தூசி போகும். தலைவலிக்கு டாக்டரைத்தான் பார்க்கணும்” என்றாள் அக்கா.

பின்னால் நின்ற மாப்பிள்ளை அவள் பையைப் பிடித்து லேசாக இழுத்தார். அவள் கண்டுகொள்ளவில்லை.

தலைவலி அவருக்கு அல்ல, அவருடைய மனைவிக்கு. அந்த அம்மா படுக்கையறையில் ஜன்னலை மூடிக்கொண்டு, நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தார். காலையில் எழும்போதே தலை பாரம், குமட்டல், காலில் பலமில்லை. இரண்டு டாக்டர், மூன்று ஸ்கேன், புதுக் கண்ணாடி. எதுவும் பலிக்கவில்லை.

“எப்பவும் வலிக்குமா அம்மா?”

“தங்கச்சி வீட்டுக்குப் போனா இருக்காதும்மா. போன மாசம் பத்து நாள் இருந்தேன். வலியே இல்ல. இங்க வந்த மறுநாளே பிடிச்சுக்கிச்சு.”

“அது ஒண்ணுமில்ல. என் முகத்தைப் பார்த்தா வர்ற வலி” என்று வீட்டுக்காரர் சிரித்தார். நூறு முறை சொன்ன ஜோக் என்பது அந்த அம்மாவின் முகத்திலேயே தெரிந்தது.

வேலை ஆரம்பித்தது. வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். ஏசிக் காற்று வரும் ஒவ்வொரு கம்பித்தட்டியையும் கழற்றும்போது வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். தூரிகை நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்று கேட்டார், பதிலை எழுதிக்கொண்டார். குழாய்க்குள்ளிருந்து ஒரு சீப்பும், வீடு கட்டிய காலத்து பிஸ்கட் உறையும், காய்ந்துபோன பல்லி ஒன்றும் வந்தன. பல்லியைப் பார்த்ததும், “இதுதான் தலைவலிக்குக் காரணம்” என்று மாப்பிள்ளை அடித்துச் சொன்னார். வீட்டுக்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.

“மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டிருந்தீங்கன்னா புண்ணியமாப் போகும்” என்றாள் அக்கா.

அடுத்ததாக அறைக் காற்றை இயந்திரத்துக்குத் திரும்ப இழுத்துப்போகும் பெரிய குழாய். அது நடைவழியில் ஓர் அலமாரிக்குப் பின்னால் சுவருக்குள் இறங்கியது. அக்கா அலமாரிக் கதவைத் திறந்தாள். உள்ளே கேஸில் எரியும் வெந்நீர்க் கலன், ஆளுயரம். அதற்குப் பின்னால் சுவர்ப்பலகைக்கும் குழாய்க்கும் நடுவே உள்ளங்கை நுழையும் அளவுக்குப் பிளவு. என்றைக்கோ ஒட்டிய வெள்ளி நாடா பசை காய்ந்து, நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் சட்டைப்பையிலிருந்து பேனா போன்ற ஒன்றை எடுத்தாள். அழுத்தினால் நூல்போல வெண்புகை வரும். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதற்கு. வெந்நீரைத் திறந்துவிடச் சொல்லி, கலனின் உச்சியில் புகைபோக்கி தொடங்கும் இடத்தில் அதைப் பிடித்தாள். புகை ஒழுங்காக மேலே போயிற்று.

“இப்ப ஏசியைப் போடுங்க மாப்பிள்ளை. எல்லாக் கதவையும் சாத்துங்க.”

ஏசி ஓடத் தொடங்கியதும் மேலே போய்க்கொண்டிருந்த புகை தயங்கி, மடங்கி, கீழே இறங்கி, நேராகப் பிளவுக்குள் நுழைந்தது.

“சார், காலைல வெந்நீர்ல குளிப்பீங்களா?”

“அஞ்சரை மணிக்கு. நாற்பது நிமிஷம். இருபது வருஷமா ஒருநாள் தவறினதில்ல.”

“அப்ப ஏசி?”

“அவ ரூமுக்கு ஓடிக்கிட்டிருக்கும். நான் குளிச்சிட்டு நடக்கப் போயிடுவேன். வர ஒன்பதாகும்.”

அக்கா நிதானமாகச் சொன்னாள். கேஸ் எரிந்து வரும் புகை வெளியே போகவில்லை. ஏசி அதை இழுத்து அம்மா படுத்திருக்கும் அறையில் கொட்டுகிறது. அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது; தலைவலியில் ஆரம்பித்து ஆளையே முடித்துவிடும். தங்கை வீட்டில் வலி வராததற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

வீட்டுக்காரர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். “புகைன்னா அப்படி இப்படி வளையத்தான் செய்யும். நீங்க தூசி எடுக்கத்தானே வந்தீங்க?”

மறுபடி காட்டினாள். மூன்றாம் முறையும் காட்டினாள். ஏசி நின்றால் புகை மேலே, ஓடினால் பிளவுக்குள். “ரெண்டு தடவை ஒரே மாதிரி வந்தா அது பரிசோதனை ஆகாதும்மா” என்றார் அவர். மூன்று தடவை என்று அவள் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

அக்கா குனிந்து கேஸ் வால்வைத் திருகி மூடினாள்.

“என் வீட்டு வால்வை மூட நீங்க யாரு? நாளைக்கு நான் எப்படிக் குளிக்கிறது?”

“பச்சைத் தண்ணில குளிங்க சார்.”

“சார், கோவிச்சுக்காதீங்க. அக்கா கொஞ்சம் படபடப்பு” என்று மாப்பிள்ளை குறுக்கே வந்தார். “நாங்க தூசியை எடுத்துட்டு, அந்த இடத்துல ஒரு நாடா ஒட்டிட்டுப் போயிடறோம்.”

அதுவரை பொறுத்தவள் திரும்பினாள். “நாடாவா? அதோ தொங்குதே, அது என்னது மாப்பிள்ளை? அதே நாடாதான்! நாளைக்கு அந்தம்மா எழுந்திருக்கலைன்னா நீங்க வந்து பதில் சொல்றீங்களா? உங்க பிரசுரத்துல அதுக்கு ஒரு வரி போடுங்க!”

பதினொரு வருடத்தில் வாடிக்கையாளர் முன்னால் அவள் குரலை உயர்த்தியது அன்றுதான். பிறகு நேராகப் படுக்கையறைக்குப் போய், ஜன்னல்கள் இரண்டையும் திறந்து, அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அங்கிருந்தே கேஸ் அலுவலகத்தின் அவசர எண்ணுக்குப் போன் செய்தாள். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, “இதெல்லாம் அத்துமீறல்” என்று சொன்னது வாசல்வரை கேட்டது.

கேஸ்காரர் முக்கால் மணி நேரத்தில் வந்தார். அதிகம் பேசாத ஆள். மஞ்சள் நிற மீட்டரைப் படுக்கையறைக் கட்டிலில் வைத்தார். ஜன்னலையும் கதவுகளையும் சாத்தினார். வெந்நீரையும் ஏசியையும் ஓடவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்பினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் மீட்டர் வீல் வீலென்று கத்த ஆரம்பித்தது.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் எல்லாவற்றையும் நிறுத்தினார். வெந்நீர்க் கலனில் ‘பயன்படுத்தக் கூடாது’ என்ற சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டினார். அந்த அம்மாவை உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் இரத்தம் பார்க்கச் சொன்னார். அக்காவைப் பார்த்து, “நீங்கதான் வால்வை மூடினதா?” என்று கேட்டார். ஆமாம் என்றதும் தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்காரர் சிவப்பு அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் படித்தார். “காலைக்குள்ள வெந்நீர் வந்துடுமா?” என்று கேட்டார்.

அக்காவுக்குத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. வண்டிக்குப் போய் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அடுத்த இரண்டு நாளும் அங்கேதான் வேலை. பலகையை அறுத்து, பிளவில் தகடு வைத்து, வலைத்துணி சுற்றி, பசையை இரண்டு பூச்சு பூசினாள். வீடு முழுவதும் மற்ற இணைப்புகளையும் விடவில்லை. புகைபோக்கியை வேறு ஆள் வந்து சரிபார்த்தார். கடைசியாகக் கேஸ்காரர் மறுபடி மீட்டரை வைத்துப் பார்த்தார். அது வாயே திறக்கவில்லை. அட்டையை அவிழ்த்தார்.

இரத்தத்தில் விஷவாயு இருந்ததாக மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை வீட்டுக்காரர் கோப்பில் போட்டுப் பூட்டினார். நன்றி என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளையின் கைபேசியில் அவர் எழுதிய விமர்சனம் வந்தது. ‘தூசி எடுக்கும் வேலை திருப்தி. ஆனால் சொல்லாமல் வெந்நீரை நிறுத்தினார்கள். மூன்று நாள் சிரமம். பேச்சில் பணிவு தேவை.’ ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.

“ரெண்டு கொடுத்திருக்காரேன்னு சந்தோஷப்படுங்கக்கா” என்றார் மாப்பிள்ளை.

மறுமாதம் பசை நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க அக்கா அந்த வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அந்த அம்மா. முகம் தெளிந்திருந்தது, கையில் தோட்டத்து மண். தலைவலி அடியோடு போய்விட்டதாம். அக்காவுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு வந்தது.

“எல்லாம் புதுத் தலையணைதாம்மா” என்றார் அந்த அம்மா. “என் தங்கச்சி வாங்கிக் கொடுத்தா. கழுத்துக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு கொடுக்கும். நீயும் ஒண்ணு வாங்கிக்கோ.”

“சரிம்மா” என்றாள் அக்கா.

அன்று தங்கை வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிப் பொருமினாள். “தலையணையாம்டி! நான் நாள் முழுக்க பசையில முழங்கை வரைக்கும் முக்கிக்கிட்டுக் கிடந்தது என்ன, பொழுதுபோகாமலா?” தங்கை காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சிரித்து அடங்கிய பிறகு, “அந்தம்மா உயிரோட இருந்து தலையணையைப் புகழட்டும் விடுக்கா. இல்லன்னா புகழவே ஆள் இருந்திருக்காது” என்றாள். அக்கா கோபம் தீராமல் ஒரு கேரட் துண்டை எடுத்துக் கடித்தாள்.

அந்த வாரமே கேஸ்காரர் வைத்திருந்தது போன்ற ஒரு மீட்டரை அவள் வாங்கிவிட்டாள். எந்த வீட்டுக்குப் போனாலும் ஏணியை எடுப்பதற்கு முன் கேஸ் எரியும் இடத்தைத்தான் பார்க்கிறாள். இதுவரை இன்னும் இரண்டு வீடுகளில் மீட்டர் கத்தியிருக்கிறது. இரண்டு இடத்திலும் சண்டைதான். ஒரு வீட்டில் சமையல் பாதியில் நின்றுபோனதற்கு அவளைத் தெருவரை வந்து திட்டினார்கள்.

நேற்றும் ஒரு வீடு. நேராக அடுக்களைப் பக்கம் போனவளை வீட்டுக்காரப் பெண் வழிமறித்தார். “ஏங்க, அந்தப் பக்கம் எங்க போறீங்க? ஏசிக் குழாய் மேலதானே இருக்கு?”

“தெரியுங்க” என்றாள் அக்கா. “கொஞ்சம் தள்ளிக்கோங்க.”