மாவுக் கரண்டியோடு சம்பந்தியம்மா

இன்று காலை சிதம்பரத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில், தரையில் இறக்கி வைத்த தோசைக்கல்லை என் பேரன் தொட்டுவிட்டான். ஒன்றரை வயதுப் பிள்ளை. இறக்கி வைத்தவர் யார் என்றால், கடலூரிலிருந்து வந்திருக்கும் சம்பந்தியம்மா.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி, குழாயைத் திறந்து விரல்களை நீட்டிப் பிடித்தேன்.

சம்பந்தியம்மா கரண்டி நிறைய மாவோடு பின்னாலேயே வந்தார்.

"தண்ணி பட்டா கொப்புளம் கட்டும் சம்பந்தி. மாவ அப்புங்க, ஜில்லுனு இருக்கும்."

"வேணாங்க, தண்ணியே போதும்."

"எம்புள்ளைங்க எல்லாத்துக்கும் இதான் வெச்சேன். செத்தா போயிட்டாங்க?"

என் மகனுக்குச் சின்ன வயதில் சூடு பட்டபோது நாத்தனார் இதே மாவைத்தான் அப்பினாள். காய்ந்த மாவோடு தோலும் உரிந்து, புண் சீழ் வைத்தது. அவளோடு இன்றுவரை நான் பேசுவதில்லை. பெண் கொடுத்தவரிடம் அப்படி இருக்க முடியுமா?

அவர் உடனே என் மருமகளுக்குப் போன் போட்டார். "ஒன் மாமியா புள்ளய தண்ணியிலயே புடிச்சிருக்காங்கடி! சளி புடிச்சா?"

"நீங்க ரெண்டு பேருமே பேசி முடிவு பண்ணுங்கம்மா. நான் ஆபீஸ்ல இருக்கேன்."

வெகுநேரம் தண்ணீரில் பிடித்தேன். விரல் சிவந்ததோடு சரி, கொப்புளம் இல்லை. பிள்ளையை அறையில் தூங்க வைத்துத் தாழ் போட்டுக்கொண்டேன்.

வெளியே நாற்காலியை இழுத்துப் போட்டு, மாவுக் கரண்டியும் கையுமாக அவர் உட்கார்ந்திருக்கிறார். மருமகள் சாயங்காலம்தான் வருவாள்.

சம்பந்தி முகம் கோணாமல் 'முடியாது' என்று சொல்லத் தெரிந்தவர்கள் சீக்கிரம் எழுதுங்கள். நான் இன்னும் காபிகூடக் குடிக்கவில்லை.