மேற்குச் சுவர்

இருங்காட்டுக்கோட்டையில் தொழிலாளர்க்கு வாடகைக்கு விட்டிருக்கும் என் இல்லத்தின் புறச்சுவரில் வெப்பத்தடுப்புப் பலகை பதிக்க வந்தவர் அவர். மெலிந்த உடல், காதில் செருகிய கரிக்கோல். ஒவ்வொரு சுவரிலும் புறங்கையை வைத்துக் கண்மூடிச் சற்று நிற்பார். வாங்கியிருந்த பலகைகள் ஒரு சுவருக்கே போதுமானவை. தெருப்பக்கம் பதிக்கச் சொன்னேன்.

"தெருவுல போறவனா உள்ள தூங்கறான், ஐயா? நைட் ஷிப்ட் பசங்க பகல்ல படுக்கறது மேக்கால ரூம்ல. செவுரு தோசக்கல்லு மாரி கீது."

"உள்ளே போகாமலே எப்படித் தெரியும்?"

"ஜன்னல் தொறந்துதான கீது? கட்டிலெல்லாம் நடுவுல இழுத்துப் போட்டுக்கினு கீறாங்க. உங்க வூடுதான, பாக்கலியா?"

எட்டாண்டுகளாக அச்சாளரத்தைக் கடந்து நடந்தும் நான் பார்த்ததில்லை. மேற்குச் சுவருக்கே இசைந்தேன். மறுவாரம் கட்டில்கள் சுவரோரம் திரும்பியிருந்தன. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று தேடுகிறேன், பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை.