ஈரத்துக்குக் கழிவு

தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அக்காவின் பின்னல் இருந்தது. பதக்கங்களைச் சுவரில் வரிசையாக மாட்டிய அம்மா, அதை மட்டும் யாருக்கும் காட்டமாட்டாள். அதை வெட்டியவள் நான்.

அக்கா குத்துச்சண்டையில் மூன்று முறை தேசிய சாம்பியன். அதற்கு முன் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், செடி வரிசையில் என்னோடு நிரை பிடித்துக் கொழுந்து பறித்தவள். இரண்டு கையாலும் பறித்துப் பழகியவளுக்கு இடது, வலது என்ற பேதமே கிடையாது. வலது கையை மட்டும் பார்த்து நின்றவர்கள் இடது கையில் வாங்கி விழுந்தார்கள்.

முதல் இறுதிப் போட்டிக்குக் கொழும்புக்கு நாங்கள் இருவரும் போனோம். காலையில் எடை பார்த்தபோது, அக்கா தன் எடைப் பிரிவை விடக் கால் கிலோ கூடுதல். மழையில் நனைந்த தலை அப்போதும் காயவில்லை. அக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று அதிகாரியிடம் பணிவாகக் கேட்டாள். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது, தண்ணீருக்கென்று கணக்கப்பிள்ளை சில கிலோவைக் கழித்துவிடுவார். எல்லாத் தராசும் அப்படித்தான் என்று பாவம், அவள் நினைத்திருந்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் அழுகை வந்துவிட்டது. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. இங்கே தராசு காட்டுவதுதான் எடை, கூட்டவும் மாட்டோம், கழிக்கவும் மாட்டோம், ஒரு மணி நேரத்தில் வா என்றார்.

அக்கா வியர்க்க வியர்க்கக் கயிறு குதித்தாள். அப்படியும் கொஞ்சம் மிச்சம். முதலுதவிப் பெட்டியிலிருந்த கத்திரியை என்னிடம் நீட்டினாள்.

"வெட்டு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல். கழுத்தோடு வெட்டினேன். எடை சரியாக நின்றது. அன்று மாலை, இரண்டாம் சுற்றில், இடது கையால் ஒரே குத்து. எதிரே நின்றவள் எழவில்லை. பின்னலை அம்மாவிடம் கொடுத்தபோது அவள் ஏசவில்லை. ஆனால் அதைப் பார்த்தால் தன் பிள்ளையைப் பார்த்துச் சிரித்த கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது என்று டின்னில் போட்டு மூடிவிட்டாள்.

போன மாதம் கொழும்பிலிருந்து லீவில் வந்த அக்கா, என் கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு வந்தாள். நல்ல வெயில். அப்படியிருந்தும் கணக்கப்பிள்ளை வழக்கம்போல ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிவு என்றார். நாங்கள் யாரும் அதற்கு வாய் திறப்பதில்லை. அக்கா சாக்கிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளி அவர் முன்னால் வைத்தாள்.

"ஈரம் எங்கங்க இருக்கு? தராசு காட்டுறத எழுதுங்க."

குரலை உயர்த்தவில்லை, நகரவும் இல்லை. வரிசையில் நின்ற பெண்களும் நகரவில்லை. அவர் எழுதினார்.

அன்று மாலை நடந்ததைச் சொன்னேன். அம்மா டின்னைத் திறந்து, பின்னலை எடுத்து, பதக்கங்களுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள்.