பன்யாங்கின் கட்டைவிரல்

கமாலிக் ஊரில் பன்யாங்கிடம் பினாங்காட் வாங்காதவர்கள் இருக்கலாம். அவள் வாயில் விழாதவர்கள் கிடையாது. சேம்பிலைக்குள் பன்றிக்கறியும் இறாலும் மிளகாயும் வைத்து மடித்து, தென்னோலைக் கீற்றால் கட்டி, தேங்காய்ப்பாலில் வேகவைத்த பொட்டலம் அது. ஒன்பது வயதில் கட்ட ஆரம்பித்தவளுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. பதினாலு வயதில் தேங்காய் உடைக்கும்போது அரிவாள் வழுக்கி இடது கட்டைவிரல் நகத்தைப் பிளந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த நகம் நடுவில் ஒரு வாய்க்கால் விட்டு இரண்டாகவே வளர்கிறது. பஸ் நிறுத்தத்தில் அவளிடம் வாங்கித் தின்றவர்கள் முகத்தை மறந்தாலும் நகத்தை மறப்பதில்லை.

அந்த நகத்தைத்தான் ஒரு வியாழக்கிழமை, மணிலாவில் வேலை பார்க்கும் அக்காள் மகள் தெஸ்ஸா போனில் அனுப்பியிருந்தாள்.

மணிலாவை ஒட்டிய கேசோன் சிட்டியில் ஒரு மாலின் மூன்றாவது மாடியில் பாரம்பரிய உணவுக்கூடம் ஒன்று புதிதாகத் திறந்திருந்தது. நாட்டின் ஒவ்வொரு சீமைக்கும் ஒரு கடை. கமாலிக் இருக்கும் பிக்கோல் சீமைக் கடையின் சுவரில் ஆளுயரப் படம். ஓலை கட்டும் இரண்டு கைகள், மணிக்கட்டோடு நறுக்கப்பட்டவை. கீழே எழுதியிருந்தது: ‘மரிவிக்கின் கைகள். நான்கு தலைமுறை ருசி.’

“நாலு தலைமுறையாம்,” என்றாள் பன்யாங் அடுப்பைப் பார்த்து. “எங்கிட்ட இருந்ததே நாலு மாசம்.”

மாயோன் எரிமலை பொங்கிய வருஷம், சாம்பல் விழுந்து கூரை சரிந்துபோன மரிவிக்கைப் பள்ளிக்கூட முகாமிலிருந்து கூட்டிவந்து தன் வீட்டில் படுக்கவைத்தவள் பன்யாங். “மனாய், மனாய்” என்று அக்கா முறை சொல்லிக் காலைச் சுற்றி வந்தது அந்தப் பெண். இலை மடிக்கவும் ஓலை முடிச்சுப் போடவும் பழகியது. “சும்மா ஒரு படம் மனாய், ஆசையா இருக்கு,” என்று கையைப் படமெடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்யாங் பூசைக்குப் போன நேரத்தில் சொல்லாமல் கிளம்பிப் போனது. அதைக்கூடப் பன்யாங் மன்னித்திருந்தாள். போகிறவர்கள் போவார்கள். கையை அறுத்துக்கொண்டு போவார்களா?

கோவிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டாள். வழிக்குத் தின்னப் பன்றித்தோல் வறுவல் ஒரு பொட்டலம், தொட்டுக்கொள்ளத் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்த காடி ஒரு சின்னப் புட்டி. பத்து மணி நேரப் பஸ்ஸில் அவள் கண்ணை மூடவில்லை. என்ன கேட்பது என்று யோசிக்கவில்லை, எந்தச் சட்டியை முதலில் கவிழ்ப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தாள்.

“சித்தி, சத்தம் போடாம பேசிட்டு வந்துரலாம்,” என்றாள் தெஸ்ஸா, நகரும் படியில் ஏறும்போது.

“சத்தம் போடத்தானடி இவ்வளவு தூரம் வந்தேன்.”

கூடத்தில் சிப்பி ஜன்னல்களைப் பொய்யாக மாட்டி மஞ்சள் விளக்குப் போட்டிருந்தார்கள். பிக்கோல் கடை முன்னால் கூட்டம். அன்றைக்குச் செய்முறை விளக்கமாம். கேமரா, கையில் மைக்கோடு ஒரு பையன், பொட்டலம் கட்டாமல் பச்சைச் சேம்பிலையை நறுக்கிப் போட்டு லாயிங் செய்ய அகலமான சட்டி. நடுவில் மரிவிக். பழைய காலத்து வலைச்சட்டை, சட்டைக் கழுத்தில் குட்டி மைக்.

“எங்கம்மா சொல்வாங்க, தேங்காப்பால் மனுசனுக்குப் பொறுமையக் கத்துக்குடுக்கும்னு,” என்றாள் மரிவிக். கூடம் முழுக்கக் கேட்டது.

“இவங்கம்மா லெகஸ்பியில முடி வெட்டுற கடை வச்சிருந்தா,” என்றாள் பன்யாங் பல்லுக்குள்.

பால் ஊற்றியாகிவிட்டது. இன்னும் கொதி வரவில்லை. மைக் பையனுக்குப் பொறுமை இல்லை.

“சும்மா நின்னா எப்படிக்கா? கேமராவுக்குக் கொஞ்சம் கிண்டுங்க!”

மரிவிக் சிரித்துக்கொண்டே நீளமான மரக்கரண்டியை எடுத்தாள்.

பன்யாங்கின் வாய் தானாகத் திறந்தது. கமாலிக்கில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்: சேம்பிலை பாலில் கொதிக்கும்வரை கரண்டி படக்கூடாது. பட்டால் தொண்டை அரித்து எடுத்துவிடும். பொட்டலத்தைக் கிண்ட வேண்டியதில்லை, அதனால் மரிவிக்குக்கு இத்தனை நாள் ஓடிவிட்டது. பன்யாங் வீட்டில் லாயிங் சட்டி ஏறுவது விடியுமுன். அப்போது மரிவிக் போர்வைக்குள் இருப்பாள். ‘எரிமலைக்குப் பயந்த பிள்ளை, தூங்கட்டும்’ என்று கதவைச் சாத்திவிட்டு வந்தவள் பன்யாங்தான்.

திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

“சித்தி, அவ கிண்டுறா!”

“தெரியுது.”

“சொல்ல வேணாமா?”

“நாலு தலைமுறைக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போகுது?”

கரண்டி சுற்றியது. இலை குழைந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் பன்யாங்கின் நெஞ்சில் ஏதோ குளிர்ந்தது. சட்டியைக் கவிழ்க்க வந்தவளுக்கு இப்போது கையை மடக்கிக்கொண்டு நிற்பதே போதுமாக இருந்தது.

“சமைச்ச கைதான் முதல்ல சாப்பிடணும்!” என்றான் பையன். மரிவிக் கேமராவைப் பார்த்தபடி ஒரு பெரிய வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடி ரசித்தாள். மூடிய கண்ணிலிருந்து நீர் வந்தது. கழுத்தைப் பிடித்தாள். அவள் செருமுவது கூடமெங்கும் ஒலித்தது.

“காரமாக்கா?” என்று சிரித்தான் பையன். அதற்குள் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குக் குட்டித் தட்டுகள் போக ஆரம்பித்தன.

அங்கேதான் பன்யாங் நகர்ந்தாள். இத்தனை பேர் தொண்டையும் அரித்தால் மரிவிக்கையா திட்டுவார்கள்? கமாலிக் இலை அரிக்கும் என்பார்கள். தட்டை நீட்டியவளின் கையைத் தடுத்தாள்.

“யாரும் வாயில வைக்காதீங்க. அரிக்கும்.”

“நீங்க யாரும்மா?” என்றான் பையன், மைக்கை நீட்டி.

பன்யாங் மைக்கை ஒதுக்கிவிட்டாள். சுவருக்குப் போய் இடது கட்டைவிரலைப் படத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். சுவரில் பிளந்த நகம். பக்கத்தில் அதே வாய்க்கால், அதே வளைவு. கூட்டத்தில் யாரோ “ஐயோ சாமி,” என்றார்கள்.

மரிவிக் அவளைப் பார்த்துவிட்டாள். முகம் இலை நிறத்துக்குப் போனது.

“மனாய்... ஏதாவது புளிப்பு... காடி...”

பன்யாங் பையிலிருந்து புட்டியை எடுத்தாள். நீட்டவில்லை.

“யாரு கைடீ இது?”

“மனாய், எரியுது...”

“எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கு? கேட்டதுக்குச் சொல்லு.”

“உங்க கைதான்.”

“பேரு?”

“பன்யாங்... கமாலிக் பன்யாங்.” கழுத்து மைக் அதை எடுத்துக்கொண்டுபோய்க் கூடத்தின் எல்லா மூலையிலும் போட்டது. இலோகோஸ் சீமைக் கடையில் மாவு திரட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நாலு தலைமுறை?”

“பொய்.”

அப்புறம்தான் மூடியைத் திருகினாள். மரிவிக் புட்டியோடு வாயில் கவிழ்த்துக்கொண்டாள். ஒரு சொட்டு மிச்சமில்லை.

“அம்மா, நீங்களே ஒருதடவ எங்களுக்குச் செஞ்சு காட்டுங்களேன்,” என்றான் பையன் பவ்வியமாக.

“ஊருக்கு வா. விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கத் தெரிஞ்சா வா.”

மரிவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மைக்கைக் கையால் பொத்தியபடி கிட்ட வந்தாள். பழைய குரல். காலைச் சுற்றிய குரல்.

“மனாய், நான் எங்க தப்புப் பண்ணேன்? அதையாவது சொல்லிட்டுப் போங்க.”

ஒரு நொடி பன்யாங்குக்கு நாக்குவரை வந்தது. நாலு வார்த்தைதான்.

“நீ தூங்கிட்டிருந்தப்ப நான் செஞ்ச வேலை அது,” என்றாள். “போ. போய் இன்னும் கொஞ்சம் தூங்கு.”

அடுத்த வாரம் அந்தப் படத்தை எடுத்துவிட்டுச் சுவருக்கு வெள்ளையடித்திருப்பதாகத் தெஸ்ஸா போன் செய்தாள். பிக்கோல் கடையில் இப்போது லாயிங் கிடையாதாம், பொட்டலம் மட்டும்தானாம். “அவ தினமும் ஒவ்வொரு விதமாச் செஞ்சு பாக்குறாளாம் சித்தி. தினமும் அரிக்குதாம்.”

“இலை அப்படி,” என்றாள் பன்யாங்.

மாலிலிருந்து நேரே ஊர் திரும்பிய அந்தப் பஸ்ஸில் வறுவலுக்குத் தொட்டுக்கொள்ள அவளிடம் காடி இருக்கவில்லை. வெறும் வறுவலைக் கடித்துக்கொண்டே வந்தாள். அன்றைக்கு அது தனி ருசியாகத்தான் இருந்தது.